பக்கத்தைத் தூரமாக்கும் கண்ணாடி

பெரிய துளை கொண்ட லென்ஸைக் காசு சேர்த்து வாங்கியவர்கள் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் ஆளைத் துளையை முழுக்கத் திறந்து எடுத்தால் படம் நன்றாக வருகிறது. அதே லென்ஸை, அதே துளையில் வைத்து, அரை மீட்டர் தூரத்தில் தூங்கும் குழந்தையின் இமையை எடுத்தால் ஒவ்வொரு முடியையும் சுற்றி மெல்லிய வெண்மை கசிந்து நிற்கிறது. குவியம் தப்பவில்லை, கையும் ஆடவில்லை. முடி இருக்க வேண்டிய இடத்தில் கோடாகத் தெரிகிறது. ஆனால் கருப்பு முழுக் கருப்பாக இல்லை; கோட்டின் ஓரம் வெட்டினாற்போல் இல்லை. கேமராவைக் குறை சொல்வதா, லென்ஸைக் குறை சொல்வதா என்று தெரியாமல் பலர் துளையைச் சுருக்கிவிட்டு, இதற்கா இவ்வளவு விலை கொடுத்தோம் என்று யோசிக்கிறார்கள்.

இதற்கு ஒளிப்படக்காரர்களிடையே ஒரு கைமருந்து வழங்கி வருகிறது. லென்ஸின் முகப்பில் ஃபில்டர் மாட்டும் மரையில், வலுக்குறைந்த குவிவில்லை ஒன்றைத் திருகி மாட்டுவதுதான் அது. கடைகளில் இதை க்ளோஸ்-அப் ஃபில்டர், க்ளோஸ்-அப் லென்ஸ் என்பார்கள். இங்கே அண்மை வில்லை என்று சொல்லிக்கொள்வோம். பூவையும் பூச்சியையும் பெரிதாக எடுப்பதற்காகவே பெரும்பாலானவர்கள் இதை வாங்குகிறார்கள். பெரிதாக்குவதோடு, பெருந்துளை லென்ஸின் அண்மைக் கூர்மையையும் இது கூட்டும் என்றால் உடனே நம்ப முடிவதில்லை. லென்ஸுக்குள் ஏற்கெனவே ஆறேழு கண்ணாடிகள் இருக்கின்றன. வல்லுநர்கள் பல மாதம் கணக்கிட்டு அமைத்த அந்த வரிசைக்கு முன்னால் இன்னொரு கண்ணாடியை வைத்தால் தெளிவு குறையத்தானே வேண்டும்? எப்படிக் கூடும்? கூடும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எந்தச் சூழலில் கூடும், எதில் கூடாது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

பிழைக்குப் பிழை ஈடு

ஒரு குவிவில்லையின் இரு முகங்களும் கோளப் பரப்பின் துண்டுகள். தேய்த்து மெருகேற்ற எளிதான வடிவம் அதுதான். ஆனால் கோளப் பரப்பு, தன் மேல் விழும் ஒளி முழுவதையும் ஒரே புள்ளியில் சேர்ப்பதில்லை. விளிம்போரம் நுழையும் கதிர் அளவுக்கு மீறி வளைந்து, நடுவே நுழைந்த கதிர் சேரும் இடத்துக்கு முன்பே அச்சைத் தொட்டுவிடுகிறது. இதைக் கோளப் பிறழ்ச்சி என்கிறோம். புள்ளியாக விழ வேண்டிய பிம்பம், பிரகாசமான சிறு மையமும் அதைச் சுற்றிய மங்கல் வட்டமுமாக விழும். இமைமுடியைச் சுற்றிக் கசியும் வெண்மை அந்த வட்டம்தான். 1990இல் விண்ணுக்குச் சென்ற ஹபிள் தொலைநோக்கியைத் தொடக்கத்தில் வாட்டியதும் இதே பிழை. அதன் 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்ரான் அளவுக்குக் கூடுதல் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அந்த அற்ப வேறுபாட்டால், விண்மீனின் மையப் புள்ளியில் குவிய வேண்டிய ஒளியின் பெரும்பகுதி சுற்றிலும் சிதறிப்போனது.

இந்தப் பிழைக்கு ஒரு கொடிய குணம் உண்டு. துளையின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் மங்கல் வட்டம் இரட்டிப்பாவதோடு நிற்பதில்லை, எட்டு மடங்காகிறது. எஃப் 2.8 துளையில் கண்ணுக்கே தெரியாத பிழை, எஃப் 1.2 துளையில் பன்னிரண்டு மடங்குக்கும் மேல் பெருகிவிடும். (எஃப் எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெரிதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) எனவே பெருந்துளை லென்ஸை வடிவமைப்பது பெரும்பாலும் இந்தப் பிழையோடு மல்லுக்கட்டுவதுதான். குவிவில்லை ஒரு பக்கம் தவறு செய்தால் குழிவில்லை எதிர்ப்பக்கம் தவறு செய்யும். இரண்டையும் சரியான வளைவில், சரியான இடைவெளியில் வைத்தால் ஒன்றின் தவறு இன்னொன்றின் தவறுக்கு ஈடாகும். 1896இல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் உருவாக்கிய பிளானார் இப்படிப்பட்ட ஈடுகளின் அடுக்கு. இருபதாம் நூற்றாண்டின் 50 மி.மீ. பெருந்துளை லென்ஸ்களில் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்கள்தாம்.

ஈடு என்ற சொல்லிலேயே சிக்கலும் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு பரப்பும் செய்யும் பிழையின் அளவு, ஒளிக்கதிர் அந்தப் பரப்பில் என்ன கோணத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தது. வெகுதூரத்துப் பொருளிலிருந்து வரும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக லென்ஸை அடைகின்றன. அந்த இணைகதிர்களை வைத்துத்தான் ஈடுகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. பொருள் பக்கத்தில் வந்தால் கதிர்கள் விரிந்தபடி வரும். முதல் பரப்பில் விழும் கோணம் மாறும். அதனால் அடுத்த பரப்பில் விழும் இடமும் மாறும். அதற்கடுத்ததில் இரண்டும் மாறும். பெரிய பிழைகளைப் பெரிய எதிர்ப்பிழைகளால் அடித்து வைத்திருக்கும் வரிசையில், ஒரு பக்கம் சற்று ஏறி மறுபக்கம் சற்று இறங்கினால் போதும், மிச்சம் வெளியே தெரிந்துவிடும். சிறுதுளை லென்ஸில் அந்த மிச்சம் யாருக்கும் தெரியாது. பெருந்துளையில் அதுவே வெண்புகையாகப் படத்தில் வந்து நிற்கிறது.

தயாரிப்பாளரின் அலட்சியமா?

எல்லாத் தூரத்துக்கும் சேர்த்தே ஈடு செய்து வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கே இயற்கை குறுக்கே நிற்கிறது. 1821இல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல், ஒரு தூரத்தில் கோளப் பிறழ்ச்சி நீங்கிய லென்ஸ் அதற்குச் சற்று முன்னும் பின்னும் பிழையின்றி இருக்க என்ன நிபந்தனை வேண்டும் என்று ஆராய்ந்தார். 1873இல் ஜெர்மனியின் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே, லென்ஸின் மையப் புள்ளியில் கிடைக்கும் கூர்மை அதன் பக்கவாட்டுப் புள்ளிகளுக்கும் பரவ என்ன நிபந்தனை வேண்டும் என்று கண்டார். இரண்டு நிபந்தனைகளும் துளையின் விளிம்புக் கதிர்களைப் பற்றியவை. சில தனிப்பட்ட நிலைகளைத் தவிர, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. துளை சிறியதாக இருக்கும்வரை அந்த முரண் அற்பம். துளை பெருகப் பெருக அது வளர்கிறது. கேமரா லென்ஸுக்குப் படத்தின் பரப்பு முழுவதும் கூர்மை வேண்டும். ஆகவே ஆபேயின் பக்கம் சாய்வதைத் தவிர வடிவமைப்பாளருக்கு வழியில்லை. தூரம் மாறும்போது தெளிவு கெடுவது அதற்குக் கொடுக்கும் விலை. லென்ஸை மொத்தமாக முன்னே நகர்த்திக் குவியப்படுத்தும் பழைய அமைப்பில் அந்த விலையை முழுவதும் கொடுத்தே ஆக வேண்டும்.

இந்த விலையைக் குறைக்க நிறுவனங்கள் முயன்றதே பிரச்சினை மெய் என்பதற்குச் சான்று. 1967இல் நிக்கான், தன் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் அண்மைத் தூரத் திருத்தம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குவியவளையத்தைத் திருப்பும்போது வில்லைகள் எல்லாம் ஒரே கட்டாக நகராமல், ஒரு பகுதி வேறு வேகத்தில் நகரும். இடைவெளி மாறுவதால் ஈடுகளும் தூரத்துக்கேற்ப மாறிக்கொள்ளும். மிதக்கும் வில்லைகள் என்று பின்னால் பரவலாக அறியப்பட்ட முறை இதுதான். 2018இல் கேனானும் 2020இல் நிக்கானும் மிரர்லெஸ் கேமராக்களுக்கென வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸ்களில் முறையே 15, 17 வில்லைகள் இருக்கின்றன. 1978இல் வந்த நிக்கார் 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸில் இருப்பவை ஏழே வில்லைகள். அவை ஒரே கட்டாகத்தான் நகர்கின்றன. பழைய பெருந்துளை லென்ஸ் வைத்திருப்பவர்களின் கேள்விக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்த நிக்கார்தான் என்பதால், இனி அதையே கையில் எடுத்துக்கொள்வோம்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி செய்யும் வேலை

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வெள்ளெழுத்து வருகிறது. தெருமுனைப் பலகை தெளிவாகத் தெரியும், கையிலுள்ள செய்தித்தாள் தெரியாது. கண்ணின் வில்லை இறுகிவிட்டதால் பக்கத்துப் பொருளுக்கேற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள அதனால் முடிவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பிளஸ் 2 கண்ணாடி அந்தக் கண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. அரை மீட்டர் தூரத்துச் செய்தித்தாளிலிருந்து விரிந்து வரும் கதிர்களை அது இணையாக்கி விடுகிறது. கண்ணுக்கு அந்தத் தாள் அடிவானத்தில் இருப்பதாகவே படுகிறது. தூரத்தைப் பார்க்கத்தான் அந்தக் கண்ணுக்கு எப்போதும் தெரியுமே. அதே வேலையைச் செய்து தாளைப் படித்துவிடுகிறது.

அண்மை வில்லை செய்வதும் அச்சு மாறாமல் இதுவேதான். கண்ணாடிக் கடையில் பிளஸ் 2 என்று சொல்லும் அதே எண்ணைத்தான் அண்மை வில்லையின் சட்டத்திலும் பொறித்திருப்பார்கள். அந்த எண்ணின் அலகு டயாப்டர். 1872இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினாண்ட் மோனோயே முன்மொழிந்தது. ஒரு மீட்டரை டயாப்டர் எண்ணால் வகுத்தால் குவியத் தொலைவு கிடைக்கும். 2 டயாப்டர் என்றால் 500 மி.மீ.; 4 டயாப்டர் என்றால் 250 மி.மீ. அந்தத் தொலைவில் இருக்கும் பொருளின் கதிர்கள் அண்மை வில்லையைக் கடந்ததும் இணையாகிவிடுகின்றன. பின்னாலிருக்கும் கேமரா லென்ஸ், முடிவிலிக் குறியில் வைத்தபடி வைத்திருந்தால், அவற்றை வெகுதூரத்துப் பொருளின் கதிர்களாகவே ஏற்றுக்கொள்கிறது. அது எந்தக் கோணங்களுக்காகக் கணக்கிடப்பட்டதோ அதே கோணங்கள். எனவே ஈடுகள் கலையாமல் இருக்கின்றன.

இதை லென்ஸின் பிழையைத் திருத்தும் ஏற்பாடு என்று புரிந்துகொண்டால் வழி தவறிவிடும். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் ஹபிளில் பொருத்திய திருத்த ஒளியியல், ஆடியின் குறிப்பிட்ட பிழைக்கு நேர் எதிர்ப்பிழையைச் சுமந்து சென்றது. அண்மை வில்லைக்குக் கேமரா லென்ஸின் பிழை என்னவென்றே தெரியாது. பிழை எழும் நிலைமைக்குள் லென்ஸைத் தள்ளாமல் இருப்பது மட்டுமே அதன் பங்கு. அதனால் ஒரு வரம்பும் உண்டு: முடிவிலியில் லென்ஸுக்கு இருக்கும் குறை அப்படியே இருக்கும். எஃப் 1.2இல் தூரக் காட்சியே சற்று மங்கலாகத் தரும் லென்ஸ், அண்மை வில்லையோடும் அந்த மங்கலைத் தரும். அதற்கு மேல் அண்மைத் தூரம் சேர்க்கும் மங்கல்தான் விலகும்.

அந்த 50 மி.மீ. லென்ஸின் கணக்கு

நிக்கார் 50 மி.மீ. லென்ஸால், நிஜத்தில் 36 செ.மீ. அகலமுள்ள பரப்பை 36 மி.மீ. அகலமுள்ள முழுச்சட்ட சென்சாரில் நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏ4 தாளைக் கிடையாக வைத்து, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டால் கிடைக்கும் அளவு. குழந்தையின் முகத்துக்கும் ஏற்ற சட்டகம். பிம்பம் பொருளில் பத்தில் ஒரு பங்கு. இதை இரண்டு விதமாகச் செய்யலாம்.

முதல் வழி, லென்ஸை மட்டும் நம்புவது. குவியவளையத்தைத் திருப்பினால் ஏழு வில்லைகளும் ஒரே கட்டாக 5 மி.மீ. முன்னே வருகின்றன. பொருள் லென்ஸுக்கு 55 செ.மீ. முன்னால் இருக்கும். எஃப் 1.2இல் துளையின் விட்டம் ஏறத்தாழ 42 மி.மீ.; எனவே விளிம்புக் கதிர் அச்சிலிருந்து 21 மி.மீ. தள்ளி நுழைகிறது. 55 செ.மீ. தூரத்துப் புள்ளியிலிருந்து புறப்பட்டு அங்கே சேரும் கதிர், இணைகதிரைக் காட்டிலும் 2.2 பாகை சாய்ந்திருக்கும். எஃப் 2.8க்குச் சுருக்கினால் விளிம்புக் கதிரின் சாய்வு 0.9 பாகை, எஃப் 8இல் 0.3 பாகைதான். 2.2 பாகை என்பது கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் பல பரப்புகளின் பிழைகளை மைக்ரான் அளவில் அடித்துக் கழித்து வைத்திருக்கும் ஒரு லென்ஸுக்கு, அதுவும் பிழை மும்மடிப் பெருக்கமாக வளரும் விளிம்பில், அது சிறிய மாற்றம் அல்ல.

இரண்டாவது வழி, 2 டயாப்டர் அண்மை வில்லையை மாட்டி, வளையத்தை முடிவிலியில் நிறுத்துவது. இப்போது உருவின் அளவைச் சொல்லும் விதி மிக எளிது: கேமரா லென்ஸின் குவியத் தொலைவை அண்மை வில்லையின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். 50ஐ 500ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. அதே ஏ4 தாள், அதே சட்டகம். பொருள் இப்போது 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. விளிம்புக் கதிரை 2.4 பாகை திருப்பி இணையாக்கும் வேலை முழுவதையும் அண்மை வில்லையே செய்துவிடுகிறது. பின்னாலிருக்கும் ஏழு வில்லைகளுக்குள் நுழையும் கதிரின் சாய்வு சுழியம்.

கூடவே ஒரு சிறு ஆதாயமும் கிடைக்கிறது. லென்ஸ் 5 மி.மீ. முன்னே நகரும்போது அதே ஒளி பெரிய வட்டத்தில் பரவுவதால், முதல் வழியில் சென்சாரை அடையும் வெளிச்சம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது, எஃப் 1.2 என்று பொறித்திருந்தாலும் நடைமுறையில் எஃப் 1.3. இரண்டாவது வழியில் லென்ஸ் நகரவே இல்லை. எஃப் 1.2 எஃப் 1.2 ஆகவே இருக்கிறது.

புதுக் கண்ணாடி கொண்டுவரும் பிழைகள்

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் யாரும் எதிர்வாதம் செய்திருக்க மாட்டார்கள். அண்மை வில்லையும் ஒரு வில்லைதான். அதற்கும் கோளப் பிறழ்ச்சி உண்டு, நிறப் பிறழ்ச்சி உண்டு. பழைய பிழையை விரட்டிவிட்டு அதைவிடப் பெரிய பிழையை உள்ளே அழைத்து வந்தால் என்ன பயன் என்பது நியாயமான எதிர்ப்பு. இதற்கு விடை அண்மை வில்லையின் வலிமையில் இருக்கிறது. 500 மி.மீ. குவியத் தொலைவுள்ள வில்லையில் 42 மி.மீ. அகலத்துக்கு மட்டுமே ஒளி பாய்கிறது. 500ஐ 42ஆல் வகுத்துப் பாருங்கள். அந்த வில்லையைப் பொறுத்தவரை அது எஃப் 12இல் வேலை செய்கிறது. கேமரா லென்ஸ் எஃப் 1.2இல் திணறிக்கொண்டிருக்கும்போது முன்னாலிருப்பதற்கு வேலை அவ்வளவு இலேசு. நல்ல வளைவில் தேய்த்த ஒற்றைக் கண்ணாடியே ஆனாலும், எஃப் 12இல் அதன் கோளப் பிறழ்ச்சி சென்சாரில் சுமார் 2 மைக்ரான் அகல மங்கலைத்தான் தரும். 24 மெகாபிக்சல் முழுச்சட்ட சென்சாரின் ஒரு பிக்சல் 6 மைக்ரான். வளைவு அவ்வளவு பொருத்தமாக இல்லாத வில்லையில் இது சில மடங்கு கூடும். அப்போதும் ஓரிரு பிக்சலுக்குள் அடங்கிவிடும்.

நிறப் பிறழ்ச்சிதான் மெய்யான எதிரி. கண்ணாடி நீலத்தைச் சிவப்பைவிடக் கூடுதலாக வளைக்கிறது. சாதாரணக் கண்ணாடியில் செய்த 500 மி.மீ. ஒற்றை வில்லையில் இரண்டு நிறங்களின் குவியங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 8 மி.மீ. விலகல் இருக்கும். எஃப் 12 என்றாலும் இது நம் எடுத்துக்காட்டில் 30 மைக்ரான் அளவுக்கு நிற ஓரத்தை உண்டாக்குகிறது, ஐந்து பிக்சல். கடைகளில் 1, 2, 4, 10 டயாப்டர் என நான்கும் ஒரே உறையில் மலிவாகக் கிடைக்கும் ஒற்றை வில்லைகளை மாட்டிப் பார்த்துவிட்டு, அண்மை வில்லை என்றாலே குப்பை என்று பலர் தீர்ப்பு சொல்வதற்கு இதுவே காரணம். அவர்கள் கண்டது உண்மைதான். ஆனால் அது ஒற்றைக் கண்ணாடியின் குற்றம். அண்மை வில்லை என்ற கருத்தின் குற்றம் அல்ல.

நிறங்களைப் பிரிக்காமல் ஒளியை வளைக்க முடியாது என்று நியூட்டன் முடிவுகட்டியிருந்தார். வெவ்வேறு விதக் கண்ணாடியில் செய்த குவிவில்லையையும் குழிவில்லையையும் சேர்த்தால் அது முடியும் என்று காட்டி, 1758இல் லண்டனின் ஜான் டாலண்ட் காப்புரிமை பெற்றார். அப்படி இரண்டு கண்ணாடி ஒட்டிய அண்மை வில்லையை இரட்டை அண்மை வில்லை என்போம். விற்பனைப் பட்டியலில் அக்ரோமாட் என்று போட்டிருப்பார்கள். கேனானின் 500டி 2 டயாப்டர், 250டி 4 டயாப்டர். நிக்கானின் 3டி, 5டி இரண்டும் 1.5 டயாப்டர், 4டி, 6டி இரண்டும் 2.9 டயாப்டர். எல்லாமே இரட்டை வில்லைகள். இத்தகைய வில்லையில் எஞ்சும் நிறப் பிழை நம் எடுத்துக்காட்டில் 2 மைக்ரான் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 30 எங்கே, 2 எங்கே! அண்மைக் கூர்மையைக் கூட்டுவதற்காகத்தான் மாட்டுகிறோம் என்றால் ஒற்றைக் கண்ணாடியைத் தொடவே கூடாது என்று சொல்ல இந்த ஒரு கணக்கு போதும்.

வலிமையைக் கூட்டினால் கதை தலைகீழாகிறது. 10 டயாப்டர் வில்லையின் குவியத் தொலைவு 100 மி.மீ.; 42 மி.மீ. அகலத்தில் அது எஃப் 2.4இல் இயங்குகிறது. 2 டயாப்டரோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு வலிமைக்கு 125 மடங்கு கோளப் பிறழ்ச்சி. அத்தகைய வில்லை எஃப் 1.2 லென்ஸின் முன்னால் எந்த நன்மையும் செய்யாது. பெருந்துளைக்கு ஏற்றது 1.5 முதல் 3 டயாப்டர் வரையிலான இரட்டை வில்லைதான். 4 டயாப்டரிலேயே எஃப் 2க்குச் சுருக்குவது நல்லது.

நுண்ணோக்கியின் சாட்சி

இரண்டு லென்ஸ்களுக்கு நடுவே கதிர்களை இணையாக ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் வேலைக்கு மட்டும் சீராக்குவது ஒளிப்படக்காரர்களின் குறுக்குவழி அல்ல. இன்றைய ஆராய்ச்சி நுண்ணோக்கிகள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் கட்டப்படுகின்றன. பொருளை ஒட்டியிருக்கும் பொருளருகு லென்ஸ் அதன் கதிர்களை இணையாக்கி வெளியேற்றும். மேலே குழாயில் இருக்கும் இன்னொரு லென்ஸ் அந்த இணைகதிர்களைப் பிம்பமாக்கும். நிக்கான் நுண்ணோக்கிகளில் குழாய் லென்ஸின் குவியத் தொலைவு 200 மி.மீ., ஒலிம்பஸில் 180, ஸைஸில் 165. நிக்கானின் 10 மடங்குப் பொருளருகு லென்ஸ் 20 மி.மீ. குவியத் தொலைவு கொண்டது. 200ஐ 20ஆல் வகுத்தால் 10. நம் அண்மை வில்லைக்குப் போட்ட அதே வகுத்தல். எண்கள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன. அங்கே பொருளருகு லென்ஸ் வலியது, இங்கே அண்மை வில்லை மெலியது. கண்ணாடி கூடினால் தெளிவு குறையும் என்பது பொது விதியாக இருந்தால் இந்த நுண்ணோக்கிகள் பிறந்தே இருக்க மாட்டா.

திரைப்பட ஒளிப்பதிவிலும் இது பழகிய வழக்கம். அகலத்திரைப் படங்களுக்கான அனமார்ஃபிக் லென்ஸ்கள் பலவற்றால் ஒரு மீட்டருக்கு உள்ளே குவியப்படுத்துவது கடினம், அப்படியே குவித்தாலும் பிம்பம் குழையும். முகத்தை நெருங்கி எடுக்க வேண்டிய காட்சிக்கு ஒளிப்பதிவாளர்கள் லென்ஸின் முன்னால் அரை டயாப்டர், ஒரு டயாப்டர் வில்லையைச் செருகுகிறார்கள். படப்பிடிப்புத் தளங்களில் அந்தக் கண்ணாடியின் பெயரே டயாப்டர்தான்.

கண்ணாடி இல்லாத வழி நல்லதல்லவா?

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெற்றுக் குழாயைச் செருகுவது இன்னொரு வழி. எக்ஸ்டென்ஷன் டியூப் என்பார்கள். அதில் கண்ணாடியே இல்லை, எனவே தெளிவைக் கெடுக்க எதுவும் இல்லை என்று சொல்லி, அண்மை வில்லையைவிட அதையே பலர் பரிந்துரைக்கிறார்கள். மேலே பார்த்தவற்றோடு வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. குழாயில் கண்ணாடி இல்லைதான். ஆனால் அது கேமரா லென்ஸை அதற்குப் பழக்கமில்லாத தூரத்துக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளுகிறது. 12 மி.மீ. குழாயோடு நம் 50 மி.மீ. லென்ஸ் முடிவிலிக் குறியிலேயே 26 செ.மீ. தூரத்துப் பொருளைக் குவிக்கும்; விளிம்புக் கதிரின் சாய்வு 2.2 பாகையிலிருந்து 4.7 பாகைக்கு ஏறிவிடும். அண்மைத் தூரத்துக்கென்றே சீராக்கிய மேக்ரோ லென்ஸிலும், துளையை எஃப் 8க்குச் சுருக்கி எடுக்கும்போதும் குழாய் நன்றாகவே வேலை செய்யும். துளையை முழுக்கத் திறந்த பழைய எஃப் 1.2 லென்ஸுக்கு அது நேர் எதிரான மருந்து.

துளையைச் சுருக்கிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்பது இன்னொரு மறுப்பு. ஆம், தீரும். எஃப் 2.8க்குச் சுருக்கத் தயாராக இருப்பவருக்கு இந்த அத்தியாயத்தின் பாதி தேவைப்படாது. முக்கால் இருட்டில் ஃபிளாஷ் போடாமல் எடுக்க வேண்டியவருக்கும், கண்ணை மட்டும் கூர்மையாக நிறுத்திக் காதோரத்தைக் கரைக்க நினைப்பவருக்கும்தான் எஃப் 1.2 தேவைப்படுகிறது, அவர்களுக்குச் சுருக்கச் சொல்வது விடையாகாது. ஆனால் அவர்களும் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு அளவில், எஃப் 1.2இல், கூர்மையாகத் தெரியும் ஆழமே சுமார் 8 மி.மீ. தான். மூக்கு நுனி மங்குவது பிறழ்ச்சியால் அல்ல; ஆழம் போதாமையால். அதை எந்த வில்லையும் மாற்றாது. குவியம் விழுந்த அந்த 8 மி.மீ.க்குள் முடியும் தோலும் எவ்வளவு தெளிவாக இருக்கின்றன என்பதில் மட்டுமே அண்மை வில்லைக்குப் பங்கு உண்டு.

ஓரங்களைப் பற்றிய எதிர்ப்பை மறுக்க முடியாது, ஏற்கத்தான் வேண்டும். அண்மை வில்லை, இரட்டையாக இருந்தாலும், படத்தின் மூலைகளில் தன் பங்குக்குப் பிம்பத்தை வளைக்கவும் நீட்டவும் செய்யும். நடுவில் கிடைக்கும் ஆதாயம் மூலைகளில் கிடைக்காமல் போகலாம். சில லென்ஸ்களில் மூலை முன்னைவிட மோசமாகவும் ஆகலாம். முகம், பூ, கையில் ஏந்திய பொருள் என நடுப்பகுதியை நம்பிய படங்களுக்கு இது பொருட்டல்ல. தட்டையான பழைய ஆவணத்தை மூலை வரை நகலெடுக்க வேண்டுமானால் இதைக் கைவிட்டு மேக்ரோ லென்ஸுக்கே போக வேண்டும். இன்னொரு தொல்லை, வில்லை மாட்டியிருக்கும்போது அரை மீட்டருக்கு அப்பால் எதையும் குவிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் திருகிக் கழற்ற வேண்டும். கண்ணாடியின் முகங்களில் ஒளி பிரதிபலித்து மாறுபாடு குறையும் என்ற அச்சம் மட்டும் பழங்காலத்தது. பூச்சில்லாத ஒரு முகம் 4 சதவீத ஒளியைத் திருப்பியனுப்பும். நல்ல பூச்சுள்ள இரட்டை வில்லையில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே.

மிதக்கும் வில்லைகள் கொண்ட புதிய லென்ஸுக்கு இது தேவையா? பெரும்பாலும் தேவையில்லை. அண்மைத் தூரத்திலும் தன்னைத் திருத்திக்கொள்ளும் லென்ஸில் மீட்டெடுக்க அதிகம் இருக்காது. தவிர அவற்றின் முகப்பு 77, 82 மி.மீ. என்று அகன்றிருக்கும், அந்த அளவில் நல்ல இரட்டை வில்லை கிடைப்பதும் அரிது, விலையும் கூடுதல்.

சோதிக்கும் முறை

இந்த வாதத்தைத் தம் லென்ஸில் சரிபார்க்க விரும்புபவர்கள் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். ஒரே தூரத்தில் வைத்து இரண்டு படம் எடுத்து ஒப்பிடக் கூடாது. பொருள் சென்சாரில் ஒரே அளவில் விழும்படி வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். நம் எடுத்துக்காட்டில், வெறும் லென்ஸுக்குச் சென்சாரிலிருந்து ஏறத்தாழ 60 செ.மீ.; 2 டயாப்டர் வில்லையோடு, வில்லையிலிருந்து 50 செ.மீ. பொடி எழுத்து நிறைந்த செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் தட்டையாக ஒட்டி, முக்காலியில் கேமராவைத் தாளுக்கு நேர் எதிரே நிறுத்தி, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் குவியப்படுத்த வேண்டும். கோளப் பிறழ்ச்சி உள்ள லென்ஸில் துளை மாறும்போது குவியமும் சற்று நகரும். ஆகவே எந்தத் துளையில் எடுக்கிறோமோ அந்தத் துளையிலேயே குவியப்படுத்துவது அவசியம். பிறகு பார்க்க வேண்டியது எழுத்தின் ஓரத்தை. கோடு தெரிகிறதா என்பதைவிட, எழுத்துகளுக்கு நடுவிலுள்ள வெள்ளை, கருப்புக்குள் கசிகிறதா என்பதே கேள்வி.

வளையத்தை முடிவிலியில் மட்டும் வைத்துப் பார்த்து நிறுத்திவிடவும் வேண்டாம். எல்லா லென்ஸ்களும் முடிவிலிக்கே சீராக்கப்படுவதில்லை. சிலவற்றில் வடிவமைப்பாளர் சில மீட்டர் தூரத்து உருவப்படத்தை மனத்தில் வைத்திருக்கலாம். எனவே முடிவிலி, 3 மீட்டர், 1 மீட்டர் என்று வளையத்தை மூன்று இடங்களில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் கேமராவை முன்பின் நகர்த்திக் குவியப்படுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று படங்களிலும் எழுத்தின் அளவு சற்றுச் சற்று மாறும். அதைப் பொருட்படுத்தாமல் ஓரத்தின் கசிவை மட்டும் ஒப்பிடலாம். கசிவு குறைந்த நிலை எது என்று தெரிந்துவிட்டால், அந்த லென்ஸுக்கும் அந்த அண்மை வில்லைக்கும் வளையத்தை அங்கேயே வைத்துக்கொண்டு, குவியத்தை உடலின் அசைவால் பிடிப்பதே நல்ல பழக்கம். வளையத்தை அரை மீட்டர் வரை திருப்பினால், வில்லை மாட்டியிருந்தாலும், ஏழு வில்லைகளும் மறுபடியும் தமக்குப் பழக்கமில்லாத கோணங்களைச் சந்திக்கத் தொடங்கிவிடும்.